போர்ட் 446
பெரிய பெட்டி – தொடர்: 12

சென்ற வாரம் கோபோல் புரோகிராம் ஒன்று, தான் ஓடும் அதே மெயின்ஃபிரேமில் இருக்கும் டிபி2 தரவுத்தளத்திடம் தகவல் கேட்டு வாங்கும் விதத்தைப் பார்த்தோம். இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருப்பதால் அங்கே சிக்கல் குறைவு. இந்த வாரம் கேட்பவர் வெளியே இருக்கிறார். கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறந்து கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பார்க்கிறார். செயலி எங்கோ லினக்ஸில் ஓடும் ஜாவா சர்வரைக் கேட்கிறது. ஜாவா சர்வர் மெயின்ஃபிரேமைக் கேட்டாக வேண்டும். இந்தக் கடைசித் தொடர்பை உருவாக்குவதற்குள் சிஸ்டம் புரோகிராமர் படும் பாடுதான் இன்றைய கதை.

ஜாவா பக்கம் இருப்பவர்களுக்கு இது கதையே அல்ல. ஜேடிபிசி டிரைவரை இறக்கினோம், முகவரியும் போர்ட் எண்ணும் கொடுத்தோம், முடிந்தது என்பார்கள். அவர்கள் பக்கத்தில் அது உண்மைதான். மெயின்ஃபிரேம் பக்கத்தில் இதே காரியத்துக்கு டிபிஏ (தரவுத்தள நிர்வாகி), நெட்வொர்க்காரர், பாதுகாப்புப் பிரிவு, சேஞ்ச் கமிட்டி என்று நாலு பேர் கையெழுத்து வேண்டும். மென்பொருளைப் போடுவது சின்ன வேலை. அதற்கு அனுமதிகளைச் சேர்ப்பதுதான் பெரிய வேலை.

முதலில் போடும் வேலை. விண்டோஸில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' என்று பழகியவர்களுக்கு மெயின்ஃபிரேமின் இயக்க அமைப்பான இசட்/ஓஎஸ் ஓர் அதிர்ச்சி. இங்கே எல்லாம் எஸ்எம்பி/இ என்ற நிறுவல் கருவி வழியாகத்தான் உள்ளே வரும். எந்த லைப்ரரியில் எந்த மாட்யூல், அது எந்தத் திருத்தத்தால் கடைசியாக மாறியது, அந்தத் திருத்தத்துக்கு முன்தேவை என்ன என்று கிராமக் கணக்குப்பிள்ளை அடங்கல் எழுதியதுபோல ஒவ்வொன்றையும் இது பதிந்து வைத்திருக்கும். ரிசீவ் என்றால் வந்த சரக்கைப் பதிவேட்டில் ஏற்றுவது. அப்ளை என்றால் ஓடும் லைப்ரரிகளில் சேர்ப்பது. அக்செப்ட் என்றால் மூல லைப்ரரிகளிலும் சேர்த்து முடிவாக ஏற்றுக்கொள்வது. அப்ளை செய்ததை ரெஸ்டோர் கொடுத்து விலக்கிக்கொள்ளலாம். அக்செப்ட் செய்துவிட்டால் அந்த வழி அடைந்துவிடும். அதனால் அனுபவசாலிகள் அப்ளை செய்துவிட்டு, வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே அக்செப்டுக்குப் போவார்கள்.

அப்ளைக்கு முன்னால் அப்ளை செக் என்று ஒன்று உண்டு. எதையும் மாற்றாமல், மாற்றினால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லும். அதன் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படிப்பவர் ஒரு வகை. ரிட்டர்ன் கோடு 4 என்றதும் 'எச்சரிக்கைதானே' என்று தாண்டிப் போகிறவர் இன்னொரு வகை. 'இந்தத் திருத்தத்தைப் போட்டால் டிபி2-வை நிறுத்தித் தொடங்க வேண்டும்', 'இந்த ஜாபை மறுபடி ஓட்ட வேண்டும்' என்ற ஹோல்டு குறிப்புகள் அந்தப் பக்கங்களில்தான் இருக்கும். முதல் வகைக்காரர்களை இரவு மூன்று மணிக்கு யாரும் எழுப்புவதில்லை.

வெளியிலிருந்து வருபவர்களை வரவேற்கும் பகுதியின் பெயர் டிடிஎஃப். இது தனியாக விலைக்கு வாங்கும் பொருள் அல்ல, டிபி2-வின் ஓர் அங்கம். எம்எஸ்டிஆர், டிபிஎம்1 என்று டிபி2 ஓடும் முகவரிப் பரப்புகளின் வரிசையில், பெயர் 'டிஸ்ட்' என்று முடிவது இதுதான். இது பேசும் நெறிமுறைக்கு டிஆர்டிஏ என்று பெயர். பல ஆண்டுகள் இது ஐபிஎம்மின் எஸ்என்ஏ நெட்வொர்க்கில் மட்டுமே பேசியது. 1997-இல் வந்த டிபி2 ஐந்தாம் பதிப்பில்தான் டிசிபி/ஐபி கற்றுக்கொண்டது. பழைய பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எஸ்என்ஏ இணைப்பே இல்லாத தளங்களிலும் 'எல்யூ நேம்' என்று ஒரு பெயரைக் கொடுத்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். பிற்காலப் பதிப்புகளில் அது இல்லாமலும் ஓட்டலாம். இருந்தும் ஓடுகிற ஒன்றில் கைவைக்க யாருக்கும் மனம் வராது.

டிடிஎஃபுக்கு மூன்று விவரங்கள் தெரிய வேண்டும். 16 எழுத்துக்குள் ஒரு லொகேஷன் பெயர், கேட்கப்போகும் போர்ட், தொடர்பு பாதியில் அறுந்தால் மீட்டு ஒத்திசைக்க இன்னொரு போர்ட். டிஆர்டிஏவுக்கென்று உலக அளவில் ஒதுக்கியிருக்கும் எண் 446. இந்த விவரங்கள் பிஎஸ்டிஎஸ் என்ற கோப்பில் உட்காரும். அதே கோப்பில்தான் டிபி2-வின் லாக் கோப்புகளுக்கான வரைபடமும் இருக்கிறது. அது கெட்டால் டிபி2 எழுந்திருக்காது. அதனால் அதை மாற்றும் டிஎஸ்என்ஜேயூ003 என்ற பயன்பாடு, டிபி2 நின்றிருக்கும்போது மட்டுமே ஓட வேண்டியது.

பணம் புரளும் வங்கியில் டிபி2-வை நிறுத்துவது என்றால் சும்மாவா? நாலு வரி மாற்றத்துக்காக ஞாயிறு நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும். அந்த நாலு வரியில் லொகேஷன் பெயரைத் தப்பாக அடித்துவிட்டால் அடுத்த ஞாயிறுதான். எனவே ஓட்டும் முன் டிஎஸ்என்ஜேயூ004 கொடுத்து இப்போதிருக்கும் நிலையை அச்செடுத்து வைத்துக்கொள்வதும், முடிந்தபின் மறுபடி எடுத்து ஒப்பிடுவதும் இந்தத் தொழிலில் எழுதாத சட்டம்.

அடுத்து அனுமதிகள். நெட்வொர்க்காரர் டிசிபி/ஐபி புரொஃபைலில் 446-ஐ இந்த 'டிஸ்ட்' ஜாபின் பெயருக்கு ஒதுக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் போர்ட் கிடைக்காது. பாதுகாப்புப் பிரிவு ரேக்ஃப் என்ற பாதுகாப்பு மென்பொருளில் இரண்டு காரியம் செய்ய வேண்டும். டிடிஎஃப் ஓடும் யூசர் ஐடிக்கு ஓஎம்விஎஸ் செக்மென்ட் கொடுக்க வேண்டும். சாக்கெட் என்பது இசட்/ஓஎஸ்ஸின் யூனிக்ஸ் பகுதியின் சொத்து, அங்கே அடையாளம் இல்லாதவருக்கு இடமில்லை. பிறகு, டிஎஸ்என்ஆர் வகுப்பில் வெளியிலிருந்து வரும் யூசர்களுக்கு அனுமதி எழுத வேண்டும். இது விடுபட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் கதவு திறக்காது. 'பாஸ்வேர்டு சரிதானே, ஏன் உள்ளே விடமாட்டேன் என்கிறது?' என்று ஜாவா பக்கம் கேட்கும் கேள்விக்கு முக்கால்வாசி நேரம் விடை இதுதான்.

எல்லாம் அமைந்தபின் ஸ்டார்ட் டிடிஎஃப் என்று கட்டளை கொடுத்ததும் கன்சோலில் டிஎஸ்என்எல்004ஐ என்ற செய்தி வந்தால் மெயின்ஃபிரேம் பக்கம் வேலை முடிந்தது.

ஜாவா பக்கத்தில் முதலில் இடிப்பது உரிமக் கோப்பு. டிரைவர் இலவசமாகக் கிடைத்தாலும், மெயின்ஃபிரேமிடம் பேச டிபி2 கனெக்ட் உரிமம் தனியாக வாங்க வேண்டும். அந்தச் சின்ன ஜார் கோப்பு பாதையில் இல்லாவிட்டால் 42968 என்ற நிலைக்குறியோடு டிரைவர் கையை விரித்துவிடும். நெட்வொர்க், ரேக்ஃப் எல்லாவற்றையும் கிளறிவிட்டுக் கடைசியில் இதற்கு வந்துசேர்பவர்கள் ஏராளம்.

அடுத்தது பேக்கேஜ் பைண்ட். டிரைவர் அனுப்பும் எஸ்க்யூஎல்லை நடத்த, டிபி2-வில் சில பொதுப் பேக்கேஜ்கள் முன்கூட்டியே பைண்ட் ஆகியிருக்க வேண்டும். அவை நல்ஐடி என்ற தொகுப்பில் இருக்கும். இல்லாவிட்டால் -805 வரும். 'பேக்கேஜ் இல்லை' என்று பொருள். பைண்ட் செய்தால் தீர்ந்தது.

ஆனால் -805-க்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஆரம்பத்திலேயே பைண்ட் முடிந்து, மாதக்கணக்கில் நன்றாக ஓடிய அப்ளிகேஷன் திடீரென்று ஒருநாள் மதியம் எஸ்ஒய்எஸ்எல்எச்203 என்ற பேக்கேஜ் இல்லை என்று -805 கொடுக்கும். டிபிஏ போய்ப் பார்த்தால் 200, 201, 202 என்று முடியும் மூன்றும் பத்திரமாக இருக்கும். 203 என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. நடந்தது இதுதான்: புரோகிராமர் திறந்த ஸ்டேட்மென்ட்களை மூடவில்லை. திறந்தவை குவியக் குவிய, முதல் பேக்கேஜின் செக்‌ஷன்கள் தீர்ந்து இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் டிரைவர் நகர்ந்தது. அதுவும் தீர்ந்து, இல்லாத நான்காவதைக் கேட்கிறது. செய்தியை அப்படியே நம்பும் டிபிஏ கூடுதல் பேக்கேஜ்களை பைண்ட் செய்து கொடுப்பார். இரண்டு வாரம் அமைதி, பிறகு இன்னும் பெரிய எண்ணோடு அதே பிழை. மருந்து மெயின்ஃபிரேமில் இல்லை, ஜாவா நிரலின் ஒரு குளோஸ் வரியில் இருக்கிறது. இதை அந்தப் பக்கம் ஒப்புக்கொள்ள வைப்பது தனிக் கலை.

இதே வகைதான் ஐடில் டைம்அவுட் சண்டையும். வேலையைக் கமிட் செய்யாமல், பூட்டுகளைப் பிடித்துக்கொண்டு, 120 விநாடி சும்மா இருக்கும் தொடர்பை இயல்புநிலை அமைப்பில் டிடிஎஃப் துண்டித்துவிடும். டிபக்கரில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போன புரோகிராமர் திரும்பி வந்து நெட்வொர்க்கைத் திட்டுவார். அந்த 120-ஐக் கூட்டச் சொல்லி வரும் கோரிக்கைகளை மறுப்பவரே நல்ல டிபிஏ.

எழுத்துகளின் பிரச்சினையும் இங்கேதான் தலைகாட்டும். மெயின்ஃபிரேமின் எப்சிடிக் குறிமுறையில் 'ஏ' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தின் பதினாறடிமான எண் சி1. வெளியுலகின் ஆஸ்கியில் 41. டிஆர்டிஏ இரு பக்கமும் எந்தக் குறிமுறை என்று கேட்டறிந்து மாற்றிக்கொடுக்கும். ஆங்கிலத்துக்கு இது ஒழுங்காக நடக்கும். தமிழுக்கு எப்சிடிக் அட்டவணையில் இடமே கிடையாது. கைப்பேசியில் தமிழில் அடித்த பெயர் எப்சிடிக் டேபிளுக்குள் போனால் ஒவ்வொரு எழுத்தும் பதிலிக் குறியாக மாறிவிடும். மூல எழுத்து திரும்ப வராது. யூனிகோட் டேபிள் வேண்டும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 30 பைட் நீளமுள்ள பெயர்ப் பத்தியில் பத்துக் குறிதான் பிடிக்கும். புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனிக் குறிகள் என்பதால் 'மீனாட்சிசுந்தரம்' அதில் அடங்காது.

இவ்வளவு பாடுபட்டு எதற்கு இந்த இணைப்பு என்றால், பதில் பில்லில் இருக்கிறது. மெயின்ஃபிரேமில் பொதுப் பிராசசர் எவ்வளவு உழைக்கிறது என்பதை வைத்தே மாத உரிமக் கட்டணத்தின் பெரும்பகுதி. 2006-இல் ஐபிஎம் சிப் (இசட்ஐஐபி) என்ற சிறப்புப் பிராசசரைக் கொண்டுவந்தது. அதில் ஓடும் வேலை அந்தக் கணக்கில் வராது. டிசிபி/ஐபி வழியாக டிடிஎஃபுக்கு வரும் எஸ்க்யூஎல் வேலையில் 60 விழுக்காடு வரை சிப்புக்குத் தள்ளலாம். எஸ்என்ஏ வழியாக வந்தால் இந்தச் சலுகை இல்லை. பழைய இணைப்புகளைக் கட்டிக் காத்தவர்களையும் இந்த ஒரு கணக்கு டிசிபி/ஐபிக்கு மாற வைத்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டிபி2-வின் அமைப்புக் கோப்பில் டிசிபிஏஎல்விஇஆர் என்று ஒரு குறி உண்டு. அதை 'யெஸ்' என்று வைத்தால், வருகிறவரை வெளியே இருக்கும் சர்வர் ஏற்கெனவே சரிபார்த்துவிட்டது என்று டிபி2 நம்பிவிடும். பாஸ்வேர்டு இல்லாமல் யூசர் ஐடி மட்டும் கொடுத்தாலே உள்ளே விடும். எப்போதோ ஒரு சோதனைக்காக யெஸ் போட்டு, மாற்ற மறந்த தளங்களில் 446-ஐ எட்ட முடிந்த எவரும் எந்த ஐடியிலும் நுழையலாம். இந்தத் தொடரைப் படிக்கும் டிபிஏக்கள் அலுவலகம் போனதும் முதல் வேலையாக அந்தக் குறியைப் பாருங்கள். யெஸ் என்றிருந்தால் யாரெல்லாம் பாஸ்வேர்டு இல்லாமல் வருகிறார்கள் என்று பட்டியல் எடுத்து, அவர்களைச் சரிசெய்தபின் 'நோ' என்று மாற்றுங்கள். முடிந்தால் போக்குவரத்தையும் குறியாக்கம் உள்ள 448-க்கு நகர்த்திவிடுங்கள்.

(தொடரும்)