ரிம் பெரிதானால் டயரும் பெரிதாக வேண்டுமா?

"என் மகனின் மைவி காரில் 14 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 15 அங்குல ஸ்போர்ட் ரிம் போடலாமா?" பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. போடலாம். ஆனால், டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

2017-இல் மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவி வெளிவந்தபோது, 1.3 லிட்டர் ரகத்திற்கு 175/65 ஆர்14 டயரும் 1.5 லிட்டர் ரகத்திற்கு 185/55 ஆர்15 டயரும் பொருத்தப்பட்டன. இவற்றில் 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில் சொல்லப்படுகிறது. 65 என்பது பக்கச்சுவரின் உயரம். இது மில்லிமீட்டர் அல்ல. அகலத்தில் 65 விழுக்காடு. 'ஆர்' என்பது ரேடியல் வகை. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில் சொல்லப்படுகிறது.

இப்போது கணக்குப் போடுவோம். 175-இல் 65 விழுக்காடு சுமார் 114 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர்களையும் ரிம்மையும் கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் 583 மி.மீ. 185/55 ஆர்15 டயருக்கும் இதேபோல் கூட்டினால் 584.5 மி.மீ. வருகிறது. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும் மொத்த உயரம் ஏறக்குறைய மாறவில்லை. ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச்சுவர் குறைந்துவிட்டது. இதுதான் அடிப்படை விதி.

"15 அங்குலம்தானே" என்று மலிவாகக் கிடைத்த 185/65 ஆர்15 டயரை மாட்டினால் என்ன ஆகும்? மொத்த உயரம் 621 மி.மீட்டரைத் தாண்டிவிடும். வேக மீட்டர் சக்கரம் சுற்றும் கணக்கை வைத்தே வேகத்தைக் காட்டுகிறது. முன்பு அது சரியாகக் காட்டியிருந்தால், இப்போது 110 காட்டும்போது கார் 117 கிலோமீட்டரில் ஓடும். நெடுஞ்சாலையின் உச்ச வரம்பே 110 தான். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து கார் தாழ்ந்தால் டயர் மட்கார்டில் உரசவும் கூடும்.

16 அங்குல ரிம்மும் போடுகிறார்கள். 195/45 ஆர்16 டயரின் மொத்த உயரம் 582 மி.மீ.; கணக்கு சரிதான். ஆனால் பக்கச்சுவர் 88 மி.மீ. மட்டுமே. குழியில் விழும் அதிர்ச்சியைத் தாங்குவது இந்தப் பக்கச்சுவர்தான். அது மெலிந்தால் ரிம் நெளியும். டயர் வெடிக்கும் அபாயமும் உண்டு.

அளவை அடுத்து வரும் எண்ணையும் பாருங்கள். 82 என்று இருந்தால் ஒரு டயர் 475 கிலோ வரை தாங்கும். தீபாவளிக்குக் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் ஊர் செல்பவர்கள் இந்த எண்ணைக் குறைக்கவே கூடாது. பழைய டயர் வாங்கினால் நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சரியான டயர் அளவும் காற்றழுத்தமும் அங்கே ஒட்டப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். ரிம்மின் அழகைப் பிள்ளைகள் பார்க்கட்டும். எண்களைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளுங்கள்.