ஊசி மாற்று நிலையமும் காவலர் பொறுப்பும்

நான் பள்ளியில் பயின்ற காலத்தில், தடுப்பூசி போடுவதற்குச் சுகாதார ஊழியர் ஒருவர் வருவார். ஸ்பிரிட் விளக்கின்மேல் சிறு பாத்திரத்தில் நீர் கொதிக்கும். கண்ணாடிக் குழலும் ஊசியும் அதில் கிடக்கும். ஒருவனுக்குப் போட்ட ஊசியை மீண்டும் கொதிநீரில் இட்ட பிறகே அடுத்தவனுக்கு எடுப்பார். வரிசையில் நின்று நடுங்கிய எங்களுக்கு அந்தத் தாமதம் பெருந்துன்பமாக இருந்தது. காரணம் கேட்டேன். "ஒருவன் இரத்தம் இன்னொருவன் உடம்பிலே போகக் கூடாது, தம்பி" என்றார். அந்தச் சிறு விடையில் ஒரு பெரிய பொதுநலக் கொள்கை அடங்கியிருக்கிறது. அதைப் புறக்கணித்த ஒரு நகரமும், போற்றிய ஒரு நகரமும் கண்ட பயன்களை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இரண்டும் பிரிட்டனில் உள்ளவை. ஒன்று ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோ. மற்றொன்று மெர்சி ஆறு கடலிற் கலக்குமிடத்தில் உள்ள துறைமுகமாகிய லிவர்பூல். 1980ஆம் ஆண்டிற்குப் பின் இவ்விரண்டிலும் ஹெராயின் மலிந்தது. அபினிலிருந்து எடுக்கும் மார்பியாவை மேலும் பக்குவம் செய்து பெறும் போதைப்பொருள் இது. வேலையற்ற இளைஞர் பலர் இதற்கு அடிமையாயினர். சிலர் புகைத்தனர்; சிலர் ஊசி வழியாக இரத்தக் குழாயில் ஏற்றிக்கொண்டனர்.

எடின்பரோவில் போலீசார் இதனைக் கடுமையாக ஒடுக்க முற்பட்டனர். அவர்களுடைய நோக்கத்தில் குறை இல்லை. ஊசி விற்கலாகாது என்று பாராளுமன்றம் சட்டம் செய்யவில்லை. எனினும் போலீசாரின் வற்புறுத்தலால் ஊசி விற்பனை நின்றது. தெருவில் ஊசியோடு அகப்பட்டவரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. ஊசி கிடைக்காவிடில் பழக்கம் தானே ஒழியும் என்பது எண்ணம். பழக்கம் ஒழியவில்லை, ஊசிகளின் தொகைதான் குறைந்தது. ஓர் ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டனர்.

அந்த வேளையிலேதான் எச்.ஐ.வி. என்னும் நோய்க்கிருமி அந்நகரிற் புகுந்தது. மருத்துவர் சிலர் தம்மிடம் வந்த ஹெராயின் பழக்கமுடையோர் 164 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 1986ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 51 பேரிடம் கிருமி தொற்றியிருந்தது! அருகிலுள்ள கிளாஸ்கோ நகரிலும் ஹெராயின் மலிந்திருந்தது. ஆயினும் அங்கே தொற்று மிகக் குறைவு. ஆகவே போதைப்பொருளை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. ஊசிப் பஞ்சமே நோயைப் பெருக்கியது என்று ஆராய்ந்தோர் கருதினர். எடின்பரோ 1987ஆம் ஆண்டு முதல் தன் வழியை மாற்றிக்கொண்டு, தானே ஊசி வழங்கத் தொடங்கிற்று. ஆனால், அதற்கு முன் தொற்றியவர்களைக் காக்கத்தக்க மருந்து அந்நாளில் இல்லை. பலர் இளமையிலேயே மாண்டனர்.

லிவர்பூல் வேறு வழியை மேற்கொண்டது. 1986ஆம் ஆண்டில் அங்கே ஊசி மாற்று நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் முறை எளிது. பயன்படுத்திய ஊசியைக் கொணர்ந்தால் அதை வாங்கித் தக்க பெட்டியில் இட்டுப் புதிய ஊசி தருவர். இதனால் பழைய ஊசிகள் பூங்காவிலும் சந்திலும் சிதறிக் கிடப்பதும் குறையும். வருபவருக்குப் புண் இருந்தால் மருந்து இடுவர். பழக்கத்தை விட விரும்பினால் சிகிச்சைக்கு அனுப்புவர். எவரும் அணுக அஞ்சும் ஒரு மனிதன், தானே நடந்து மருத்துவ ஊழியரிடம் வருகிறான் என்பதே இம்முறையின் பெரும்பேறு.

ஆனால், வாயிலில் ஒரு போலீஸ்காரர் காத்திருந்தால் அவன் வருவானா? கையிலுள்ள பழைய ஊசியே குற்றத்திற்குச் சான்றாகுமானால், அதை வழியிலேயே எறிந்துவிடுவான் அன்றோ? இதனை மெர்சிசைடு போலீசார் உணர்ந்தனர். நிலையத்திற்கு வருவோரை அங்கே காத்திருந்து பிடிப்பதில்லை என்று உடன்பட்டனர்; பிடிபட்டவருக்கு உதவி கிடைக்கும் இடத்தையும் காட்டினர். போதைப்பொருள் விற்போரைத் தேடிப் பிடிக்கும் கடமையையோ அவர்கள் கைவிடவில்லை. அப்பகுதியில் ஊசி வழியே பரவிய எச்.ஐ.வி. மிகக் குறைந்த அளவிலேயே நின்றது.

இலவசமாக ஊசி கொடுத்தால் பழக்கம் பெருகாதா என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, இந்நிலையங்கள் தொற்றைக் குறைக்கின்றன என்றும், பழக்கத்தைப் பெருக்குகின்றன என்பதற்குத் தக்க சான்று இல்லை என்றும் கூறுகிறது.

இனி, நான் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். எடின்பரோவில் கேடு விளைத்தது சட்டமன்று. தெருவில் போலீசார் கைக்கொண்ட ஒரு வழக்கம். லிவர்பூலில் நன்மை விளைத்ததும் அத்தகைய ஒரு வழக்கமே. அதிகாரி மாறினால் வழக்கமும் மாறலாம். ஊர்மக்களின் உயிரைத் தொடும் இத்தகைய முடிவுகளைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு?

இக்கேள்வி லிவர்பூலில் முன்னரே எழுந்திருந்தது. 1981 ஜூலையில் டாக்ஸ்டெத் பகுதியில் மக்களுக்கும் போலீசாருக்கும் இடையே பெருங்கலகம் மூண்டது. 1964ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டப்படி அமைந்த மேற்பார்வைக் குழு ஒன்று அங்கே இருந்தது. அதன் உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள், எஞ்சியோர் மாஜிஸ்திரேட்டுகள். 1981 முதல் 1986 வரை அதன் தலைவராக இருந்த மார்கரெட் சிமி அம்மையார், மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் போலீசார் மக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் என்று ஓயாது வாதாடினார். யாரைக் கைது செய்வது, யாரை விடுவது என்று கட்டளையிடக் குழுவுக்கு அதிகாரம் இருக்கவில்லை; இருத்தலும் தகாது. ஆனால், "இம்முறையை ஏன் மேற்கொண்டீர்கள்? இதனால் விளைந்தது என்ன?" என்று கேட்டு அறிக்கை பெற அதற்கு உரிமை இருந்தது. போலீசாரைப் பற்றி மக்களின் கருத்தை அறிய ஏற்பாடு வேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கடமையாகவே விதித்தது.

ஊசி நிலையத்தைப் பற்றிய உடன்பாட்டை இக்குழுவே உண்டாக்கிற்று என்று நான் கூறவில்லை. அத்தகைய உடன்பாடு நிலைத்து நிற்க இத்தகைய குழு வேண்டும் என்பதே என் கருத்து. அங்கே மருத்துவர் தம் கணக்கைச் சொல்லலாம். பூங்காவில் ஊசி கிடக்கக் கண்ட தாய் தன் அச்சத்தைச் சொல்லலாம். காவலர் தம் இடர்ப்பாட்டைச் சொல்லலாம். எடின்பரோவில் இக்குரல்கள் உரிய காலத்தில் ஓரிடத்தில் ஒலித்திருந்தால், கேடு இவ்வளவு முற்றுமுன் ஒருவரேனும் எச்சரித்திருக்கக் கூடும்.

நம் நாட்டிலும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் திட்டத்தில் புதிய ஊசி வழங்கும் பணி இடம் பெற்றுள்ளது. போலீசார்மீது எழும் முறையீடுகளை விசாரிக்க மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் ஆணையம் வேண்டுமென 2006ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. மாணவர்களாகிய நீங்கள் நாளை மருத்துவராகவோ, காவல் அதிகாரியாகவோ, நகர்மன்ற உறுப்பினராகவோ ஆகக்கூடும். அப்போது ஒரு கட்டளையில் கையெழுத்திடுமுன், அது யாருடைய உடம்பைத் தொடுகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கொதிநீரில் ஊசியை இட்டுப் பொறுமையோடு காத்திருந்த அந்த ஊழியர் எங்களுக்குக் கற்பித்ததும் அதுவே.