வாளை நீ வீசு... காயத்தை அவன் எழுதட்டும்!

போன மாதம் ஒரு சண்டையில் எதிராளியின் தலையை ஒரே வீச்சில் சீவினேன். கிடைத்த பரிசு... முட்டை மார்க்!

பயப்படாதீர்கள். நான் ரொம்ப சாது. ரிட்டர்ன் டிக்கெட் வாங்காமல் பஸ்ஸில் சண்டை போடும் தைரியம்கூடக் கிடையாது. இந்த யுத்தம் முழுக்க எழுத்தில்.

அக்கா பையன்தான் இழுத்துவிட்டான். "மாமா, எங்க ஆன்லைன் டோர்னமென்ட்ல ஒரு ஆள் குறையுது. ஆபீஸ்ல நல்லா லெட்டர் டிராஃப்ட் பண்றீங்களே, வாங்களேன்!"

விஷயம் இதுதான். ஆளுக்கொரு வீரனைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அவன் பெயர், ஆயுதம், பலம், பலவீனம் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு சண்டை. நான் ஒரு பாரா, அவர் ஒரு பாரா. முடிவில் நடுவர்கள் மார்க் போடுவார்கள்.

இதற்கு ஒரு வம்சாவளியே உண்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். வாள் எதிரி மேல் பட்டதா என்பதை அதில் 20 முகப் பகடை சொல்லும். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் ட்ரப்ஷா 'மட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை எழுத ஆரம்பித்தார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். படமே கிடையாது, எல்லாம் வார்த்தைகள். அங்கே தீர்ப்பு கம்ப்யூட்டர் கையில்.

எங்கள் சண்டையில் பகடையும் இல்லை. கம்ப்யூட்டர் தீர்ப்பும் இல்லை. அப்படியானால் அடி விழுந்ததா என்று யார் சொல்வது?

அடி வாங்குகிறவன்தான்!

'எவன் சார் ஒப்புக்கொள்வான்?' என்கிறீர்களா? அங்கேதான் விளையாட்டே இருக்கிறது.

இது தெரியாமல்தான் நான், 'வாள் மின்னியது. அவன் தலை உருண்டது' என்று எழுதினேன். பையன் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா! அவர் தலை அவரோடது!"

பிறகு பாடம் நடத்தினான்.

ஒன்று: வீசலாம், வெட்டக் கூடாது. 'கழுத்தைக் குறிவைத்து வாளை வீசினேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீறினால் அதற்குப் பெயர் 'காட் மோடிங்'. அதாவது, கடவுளாகிவிடுவது!

இரண்டு: எல்லா அடியிலிருந்தும் தப்பிக்கக் கூடாது.

மூன்று: எனக்குத் தெரிந்தது என் வீரனுக்குத் தெரியாது. எதிராளி மோதிரத்தில் விஷம் வைத்திருப்பதாக எழுதுகிறார். நான் படித்துவிட்டேன். ஆனால் என் வீரன் பார்க்கவில்லையே! அவன் கை குலுக்கப் போனால் போகத்தான் வேண்டும்.

நான்கு: தோற்கும் நேரத்தில் திடீரென்று இறக்கை முளைக்கக் கூடாது.

சில்லறை விதிகள் போட்டிக்குப் போட்டி மாறலாம். ஆனால் அடிப்படை இதுதான்.

இரண்டாவது ஆட்டத்தில் ஐந்து முறை ஈட்டி வந்தது. ஐந்து முறையும் குனிந்தேன், தாவினேன், உருண்டேன். 'உங்கள் வீரனுக்கு உடம்பு என்று ஒன்று உண்டா?' என்று நடுவர் கேட்டிருந்தார். சுருக்கென்றது.

மூன்றாவது ஆட்டம். எலெக்ட்ரிக் ட்ரெயினில் நின்றபடி செல்போனில் பார்த்தேன். என் வீரனின் இடது தோளுக்குக் கோடரி வருகிறது. வழக்கம்போல் 'விலகினான்' என்று தட்டினேன். அழித்தேன். 'கோடரி தோளில் இறங்கியது. கேடயம் கைநழுவியது' என்று அனுப்பினேன்.

பதில் வந்ததும் ஆச்சரியம். எதிராளி என்னை முடித்துவிடவில்லை. இறங்கிய கோடரியை உருவ முடியாமல் அவன் வீரன் திணறுவதாக எழுதியிருந்தார்! ஒருவர் விட்டுக்கொடுத்ததும் அடுத்தவரும் விட்டுக்கொடுக்க, இரண்டு அட்டைக் கத்திகள் நிஜ மனிதர்களாகிவிட்டார்கள். ஒரு மார்க்கில் தோற்றேன். ஆனால் நான் எழுதியதில் நன்றாக இருந்தது அந்த ஆட்டம்தான்.

கதை இங்கே முடியவில்லை. அடுத்த வாரம் ஆபீஸில் ஒரு ஸ்டேட்மென்ட்டில் தப்பான தொகை போய்விட்டது. மேனேஜர் சிவந்த முகத்தோடு வந்தார். "யார் பார்த்த வேலை இது?"

பல வருஷ சர்வீஸில் விலகிக்கொள்ள எத்தனையோ வித்தை தெரியும். 'சிஸ்டம் ஸ்லோ சார்', 'அக்கவுன்ட்ஸ்லேர்ந்து அப்படித்தான் வந்தது சார்'... நாக்கு நுனியில் தயாராக நின்றன. பக்கத்து சீட்டுப் பையன் வேறு, நான் அவன் பக்கம் கையைக் காட்டிவிடுவேனோ என்று வெலவெலத்து நின்றான்.

"தப்பு என்னோடது சார். டோட்டல் போடும்போது ஒரு வரியை விட்டுட்டேன்."

கத்துவதற்காக மூச்சை இழுத்திருந்த மனிதர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் மெதுவாக வெளியே விட்டார். "சரி... சாயங்காலத்துக்குள்ள திருத்திக் கொடுங்க."

பக்கத்து சீட்டுப் பையன் அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த மாதம் இன்க்ரிமென்ட். அடி விழுந்ததா இல்லையா என்பதை விதிப்படி நான்தான் எழுத வேண்டும். ஆனால், மேனேஜர் இன்னும் இந்த விதிகளைப் படிக்கவில்லையே!