வெந்நீர் வளர்த்த ஊர்

துருக்கியின் தென்மேற்கில் இருக்கிறது தெனிஸ்லி நகரம். அங்கிருந்து மினி பஸ்ஸில் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு மலைச்சரிவு மட்டும் வெள்ளை வெளேரென்று கண்ணில் படும். வெயில் கொளுத்தும் நாளிலும் பனி மூடியதுபோல் நிற்கும் அதுதான் பாமுக்கலே. நண்பர்கள் கூட்டமாக வருகிறவர்களில் பலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் கால் நனைத்தபடி ஏறுகிறார்கள். படம் எடுத்துக்கொண்டதும் இறங்கிவிடுகிறார்கள். சரிவின் தலைமாட்டில் ஹியராபோலிஸ் என்ற பழைய நகரம் ஒன்று முழுசாகக் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

ஏனென்றால் சரிவையும் ஊரையும் உண்டாக்கியது ஒரே தண்ணீர்தான். பூமிக்கடியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் வெந்நீர் வெளியே வந்ததும், அதிலுள்ள கரியமில வாயு பிரிந்து காற்றில் கலந்துவிடுகிறது. அதன்பின் அவ்வளவு சுண்ணாம்பையும் நீரால் தாங்க முடிவதில்லை. கூழாகப் படிந்து, நாளாக நாளாக இறுகி, டிராவர்டைன் என்ற கல்லாகிறது. நீர் மெல்லிசாக வழியும் விளிம்புகளில் படிவு கூடுதல் என்பதால் அவை வரப்பாக உயர்ந்து, உள்ளே நீர் தேங்குகிறது. சுமார் 200 மீட்டர் உயரச் சரிவில் அடுக்கடுக்காகக் குளங்கள் உருவானது இப்படித்தான்.

பெர்கமோன் அரசர்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இங்கே ஊரை அமைத்தார்கள். பின்னர் அது ரோமானியர் கைக்குப் போனது. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இந்தத் தண்ணீரை வியந்து எழுதியிருக்கிறார். வாய்க்கால் வெட்டி விட்டால் அது இறுகி ஒரே கல்லாலான வேலியாகிவிடும், கம்பளிக்குச் சாயம் ஏற்றவும் இது அருமையான நீர் என்பது அவர் தரும் செய்தி. நோய் தீரக் குளிக்க வந்தவர்களும் உண்டு.

இதே நிலம் உயிரையும் வாங்கியது. புளூட்டோனியம் என்ற குகைவாசல் பாதாள உலகத்துக்கு வழி என்று நம்பப்பட்டது. உள்ளே ஓட்டிய காளைகள் சாய்ந்து விழுந்தன. கூடப் போன பூசாரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்ட்ராபோ சிட்டுக்குருவிகளை வீசிப் பார்த்தார். உடனே செத்து விழுந்தன. அந்த வாசலைக் கண்டுபிடித்ததாக இத்தாலியத் தொல்லியலாளர் பிரான்செஸ்கோ டாண்ட்ரியா 2013இல் அறிவித்தார். பிறகு ஜெர்மன் ஆய்வாளர் ஹார்டி ஃபான்ஸ் குழுவினர் அளந்தபோது, நிலப்பிளவிலிருந்து கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானதால் தரையை ஒட்டித் தேங்குவது தெரிந்தது. காளையின் மூக்கு அந்த வாயுவுக்குள் இருக்கும். நிமிர்ந்து நிற்கும் பூசாரியின் மூக்கு அதற்கு மேலே இருக்கும். வெள்ளைச் சரிவை உருவாக்கியதிலும் இந்த வாயுவுக்குப் பங்கு உண்டு.

பழைய நகரத்துக்குள் வடக்கு வாசல் வழியாக நுழைவது நல்லது. முதலில் வருவது இடுகாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். சிலவற்றைச் சுண்ணாம்புக் கல் வளர்ந்து பாதி விழுங்கிவிட்டது. ஃபிளாவியஸ் ஸியூக்ஸிஸ் என்ற வணிகர், இத்தாலிக்குப் போகும் வழியில் மாலியா முனையை 72 முறை கடந்ததைத் தன் கல்லறையில் பொறிக்கச் செய்திருக்கிறார். அம்மியானோஸ் என்பவரின் கல்பெட்டியிலோ நீர்ச்சக்கரத்தால் இயங்கும் கல்லறுக்கும் ரம்பம் செதுக்கப்பட்டிருக்கிறது. சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் பொறிக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சித்திரங்களுள் அது ஒன்று. அவசரமாகக் கடந்து போகிறவர்களுக்கு இவை எதுவும் கண்ணில் படாது. நாலு பேர் சேர்ந்து, ஒருவர் கண்டதை இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டிய இடம் இது.

மலைச்சரிவில் அமைந்த பெரிய அரங்கம், அப்போஸ்தலர் பிலிப்புவின் நினைவாக எழுந்த எண்கோண ஆலயம், ரோமானியக் குளியல் கட்டடத்தில் இயங்கும் அருங்காட்சியகம் என்று பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. வெயில் ஏறும் முன்பே அரங்கத்துக்கு ஏறிவிடுவது உத்தமம்.

கடந்த நூற்றாண்டில் இந்த இடம் கெட்டுப்போகப் பார்த்தது. இடிபாடுகளின் மேலேயே ஹோட்டல்கள் எழும்பின. ஊற்று நீர் அவற்றின் நீச்சல் குளங்களுக்குப் போனது. வெள்ளைச் சரிவின் மேல் சாலையும் வந்தது. யுனெஸ்கோ 1988இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபின் ஹோட்டல்கள் இடிக்கப்பட்டன, சாலையும் அகற்றப்பட்டது. இன்று முறை வைத்துத்தான் தண்ணீர் திறக்கிறார்கள். ஒரே இடத்தில் எப்போதும் நீர் நின்றால் பாசி பிடித்து வெண்மை போய்விடும். அதனால் விளம்பரப் படத்தில் பார்த்த குளம் வறண்டு கிடக்கலாம். முகம் சுளிக்க வேண்டியதில்லை. அப்படிக் காயும்போதுதான் சுண்ணாம்பு இறுகி மறுபடி வெளுக்கிறது.