நெல்லுக்கு வேலி

தாமிரபரணி பாயும் திருநெல்வேலிக்கு அப்பெயர் வந்த வரலாற்றைத் தலபுராணம் கூறும். வேதசர்மா என்னும் அந்தணர் இறைவனுக்குத் திருவமுது படைத்தற்குரிய நெல்லை உலரவிட்டு நீராடச் சென்றார். அப்பொழுது பெருமழை பெய்தது. இறைவன் அந்நெல்லைச் சுற்றி வேலியிட்டுக் காத்தருளினான் என்பர். கோயில் நெல்லுக்கு அவ்வேலி அமைந்தது. ஏழையின் உலைக்குச் செல்லும் அரிசிக்கு வேலி யாது? சட்டமே அவ்வேலியாகும்.

2013ஆம் ஆண்டில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. தமிழ்நாட்டில் அது 2016ஆம் ஆண்டு நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. நியாய விலைக் கடையில் பெறும் அரிசி பிச்சையன்று, குடிமக்களின் உரிமை என்பதே இச்சட்டத்தின் உட்கருத்து. மிக வறிய குடும்பங்களுக்கு அந்தியோதயா திட்டத்தின்கீழ்த் திங்கள்தோறும் 35 கிலோ தானியம் உரியது.

உரிமை உண்டெனின், அது மறுக்கப்படுங்கால் முறையிடவும் வழி இருத்தல் வேண்டும். திருநெல்வேலி டவுணில் தனித்து வாழும் மூதாட்டி ஒருத்திக்கு அந்த 35 கிலோ நிறுத்தப்பட்டதாகக் கொள்வோம். கடைக்காரரோடு வாதாடிப் பயனில்லை; அவர் பதிவில் உள்ளவாறே அளப்பவர். அவள் முதற்கண் வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு அளித்துக் காரணத்தை எழுத்தில் கேட்டல் வேண்டும். கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் முறையிடலாம்.

அவ்வாறும் குறை தீராவிடின், சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அமைந்த மாவட்டக் குறைதீர்க்கும் அலுவலரை நாடலாம். அவருடைய ஆணையும் நேரியதன்று எனத் தோன்றின், மாநில உணவு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அம்மாவட்ட அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தக்க காரணமின்றி அளிக்கத் தவறும் அரசு ஊழியருக்கு 5,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. ஆயினும் அவர் கூற்றையும் கேட்ட பின்னரே தண்டம் விதித்தல் இயலும்.

பாண்டியன் ஆராயாது அளித்த தீர்ப்பைக் கண்ணகி சிலம்பைச் சான்றாகக் காட்டிப் பிழையென நிறுவினாள். ஆனால், கோவலன் உயிர் மீளவில்லை. முறையீட்டிற்குச் சான்றும் வேண்டும். அது காலத்திலும் நிகழ்தல் வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம். ஆதலின், குடும்ப அட்டை, மனுவின் படி, அதனைப் பெற்றமைக்கான ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றைப் பேணிக் காத்தல் வேண்டும். பசி நாள் பார்த்துக் காத்திராது; முறையிடுவோரும் காலந் தாழ்த்தலாகாது.

எழுதப் படிக்க அறியாத முதியோர் பலர் தம் உரிமையை அறியாமலே வெறும் பையுடன் வீடு திரும்புகின்றனர். அத்தகையோர்க்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தல் கல்வி கற்றவர் எளிதிற் செய்யத்தக்க நல்லறமாகும்.