கட்டப்பா பேசிய பேச்சு

தேத்தண்ணி ஆறட்டும் மருமகன், சொல்கிறேன். 'பாகுபலி'யில் கட்டப்பாவாக வந்த சத்யராஜ் சாமி கும்பிடாதவர் என்று யூடியூப்பில் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். ஆதிகோணநாயகர் கோயில் கொடியேறினால் மச்சம் தொடாத பிள்ளை நீ, சுளிக்கத்தான் செய்வாய். ஆனால் மனுசன் அதை ஒளித்ததே இல்லை. 2007இல் வந்த 'பெரியார்' படத்தில் பெரியாராகவே நடித்தவர்.

சாமி விசயம் அவருக்குப் பெரிய செலவு வைக்கவில்லை. செலவு வைத்தது தண்ணீர்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைட் அதிகம். அனுராதபுரப் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் பார்த்திருப்பாயே, அதே கறை. அந்தச் சனத்துக்கு ஒகேனக்கல்லில் காவிரியிலிருந்து குடிநீர் எடுக்கத் திட்டம் போட்டு, 2008 பெப்ரவரியில் அடிக்கல் நட்டார்கள். கர்நாடகத்தில் தேர்தல் நெருங்கிய நேரம். கேட்க வேண்டுமா? திட்டத்தை எதிர்த்த கன்னட அமைப்பினர் பெங்களூரில் தமிழ்ப்படம் ஓடிய தியேட்டர்கள் மீது கை வைத்தார்கள். ஏப்ரல் 4ஆம் திகதி சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் கடைசி வயலுக்கு வராத போகத்தில் இங்கே வாய்க்காலடியில் என்ன வார்த்தையெல்லாம் வருமோ, அன்றைக்கு அந்த மேடையில் சத்யராஜின் வாயிலும் அப்படித்தான் வந்தது. ரஜினியும் காரமாகத்தான் பேசினார். ஆகஸ்ட் 1 'குசேலன்' வெளியாக வேண்டும். கர்நாடகத்தில் விடமாட்டோம் என்றதும் வருத்தம் தெரிவித்தார். தமிழ்நாட்டில் அதற்கும் ஏச்சு விழுந்தது. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தவர், அண்ணன் குடும்பம் இன்னும் அங்கே.

படத்தை ஏன் மறிக்கிறார்கள் என்று கேட்பாய். பெரிய படத்தின் காசில் பெரும்பங்கு முதல் வெள்ளி, சனி, ஞாயிறில் வருகிறது. அதை நம்பி விநியோகஸ்தர் முற்பணம் கட்டியிருப்பார். ஆகவே நடிகரின் வாயை அடக்க அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை, வெளியாகும் நாளை மறித்தால் போதும். அடி விழுவது பேச்சோடு ஒரு சம்பந்தமும் இல்லாத தயாரிப்பாளருக்கு.

சத்யராஜுக்கு அது ஒன்பது வருடம் பிந்தி வந்தது. இடையில் முப்பது படமளவில் கர்நாடகத்தில் ஓடியதாக அவரே சொன்னார். 2015இல் முதல் 'பாகுபலி'யும் ஓடியது. அப்போதெல்லாம் யாருக்கும் அந்தப் பேச்சு நினைவில்லை. 'பாகுபலி 2' 2017 ஏப்ரல் 28 என்றதும் நினைவு திரும்பிவிட்டது, அன்றைக்கே பந்த் என்றார்கள். (கட்டப்பா ஏன் கொன்றான் என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த படம். இதைவிட நல்ல பணயம் கிடைக்குமா?) இயக்குநர் ராஜமௌலி வீடியோவில் வந்து, அது சத்யராஜின் சொந்தக் கருத்து, படத்தைத் தண்டிக்காதீர்கள் என்று கேட்டார். பிறகு சத்யராஜ் வந்தார். வார்த்தைகள் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன் என்றார். ஈழத்தமிழர் விசயத்திலும் காவிரி விசயத்திலும் இனியும் பேசுவேன் என்றார். அதனால் நட்டம் வரும் என்று பயப்படும் தயாரிப்பாளர்கள் என்னைப் போடாதீர்கள் என்றும் சொன்னார். பந்த் கைவிடப்பட்டது, படம் சொன்ன நாளில் வந்தது.

வருத்தம் தெரிவித்ததை மட்டும் பிடித்துக்கொண்டு பணிந்துவிட்டார் என்பவர்கள் உண்டு. தன் பிழைப்பையே தூக்கி மேசையில் வைத்ததை நான் பணிவு என்று எண்ணவில்லை. தயாரிப்பாளர்களும் அவரைப் போடாமல் விடவில்லை. 2025இல் 'கூலி' வந்ததே, அதில் ரஜினியின் சிநேகிதனாக வந்தவர் யாரென்று நினைக்கிறாய்?