காரைக்குடி சீனத் தட்டுல பணம் போடலாமா?

ஜவ்வாது மலைக்கு பைக்ல போயிட்டு வந்தாச்சு, அடுத்த லாங் வீக்கெண்ட் காரைக்குடியா? முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகள்ல பூப்போட்ட சீனப் பீங்கான் தட்டைக் காட்டி, "நூறு வருஷப் பழசு, வெச்சிருந்தா டபுள் ஆகும்"னு யாராவது சொன்னா, கார்டை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

பர்மா, மலாயா, சிங்கப்பூர்ல வட்டித்தொழில் செய்த நகரத்தார் ஊருக்குக் கொண்டுவந்த சாமான்கள்ல பீங்கானும் உண்டு. அதனால கதை நம்பும்படியாத்தான் இருக்கும். ஆனா பொருளைப் பாருங்க. காந்தம் ஒட்டினா அது இரும்பு எனாமல் பாத்திரம், பீங்கானே இல்லை. நிஜ எனாமல் பீங்கானை முதல்ல சுட்டு, மேல வண்ணம் தீட்டி, குறைஞ்ச சூட்டுல மறுபடி சுடுவாங்க. விரலால தடவினா வண்ணம் லேசா மேடா தட்டுப்படும்.

படங்கள் வெறும் அழகுக்கு இல்லை. சீன மொழியில வௌவாலுக்கும் நற்பேறுக்கும் ஒரே ஒலி, 'ஃபூ'. நாம விரட்டுற வௌவால் அங்க தட்டுல பறக்குது. அஞ்சு இருந்தா அஞ்சு பாக்கியம். பீச் பழம் நீண்ட ஆயுள், பியோனிப் பூ செல்வம். எனக்குப் பிடிச்சது மீன்தான். 'யூ'ன்னா மீன், 'யூ'ன்னா மிச்சம். மாசக் கடைசியில ஏதாவது மிஞ்சணும்ங்கிற ஆசை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல!

அடியில சீனப் பேரரசர் முத்திரை இருக்கேன்னு மயங்காதீங்க. பழைய அரசர் பேரைப் பிற்காலத்துல போடுறது சீனாவுல ரொம்ப நாள் வழக்கம். 'மேட் இன் சைனா'ன்னு ஆங்கிலத்துல இருந்தா பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டுச் சரக்கு.

நிஜமாவே நூறு வருஷம் தாண்டின பொருளா? அப்போ 1972 தொல்பொருள் சட்டம் வந்துடும். வியாபாரமா விற்க லைசென்ஸ் வேணும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லண்டன், ஹாங்காங் ஏல விலையைக் காட்டி ஆசைப்படுத்தினா, அந்த விலை உங்களுக்குக் கிடைக்காது.

வரியும் உண்டு. கலைப்பொருளுக்கு 'சொந்த உபயோகப் பொருள்' விலக்கு கிடையாது. 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா லாபத்துல 12.5%. தாத்தா 2001-க்கு முன்னாடி வாங்கினதுன்னா, 1.4.2001 சந்தை மதிப்பையே வாங்கின விலையா எடுத்துக்கலாம்.

பிடிச்சிருந்தா தாராளமா வாங்கி சுவத்துல மாட்டுங்க, போனஸ் காசுல. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. பில்லுல வெறும் 'தட்டு'ன்னு எழுத விடாம, எந்தக் காலத்துப் பொருள்னு கடைக்காரர் சொல்றாரோ அதையே எழுதித் தரச் சொல்லுங்க. எழுதத் தயங்கினா, பதில் கிடைச்சிடுச்சு.